மல்லிக்கு வீடு கிடைத்த கதையும் உங்களுக்கு ஒரு நன்றி மடலும்

எங்கள் நாய் மல்லியை வீடு வரை கொண்டுவந்து சேர்த்த அண்ணன், அக்கா, தம்பிகளுக்கும், வேப்பேரி மருத்துவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும்,

வணக்கம்.

ஆளாளுக்குப் போனில் நன்றி சொல்லியாயிற்று. ஆனால் உங்களில் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ரத்தம் கொடுத்த லேப்ரடாரின் வீட்டுக்காரருக்கு, எங்கள் மதிலில் வலை கட்டிய கொத்தனாரைத் தெரியாது. சாலையில் அவளை முதலில் பார்த்த தம்பிகளுக்கு, அவள் இப்போது யார் கட்டிலுக்கடியில் தூங்குகிறாள் என்றே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்த மடல்.

குட்டி நாய் என்றால் எப்படியும் ஒரு வீடு கிடைத்துவிடுகிறது. வளர்ந்த பெரிய நாய் என்றதும் எல்லோருக்கும் ஒரு வேலை வந்துவிடும். வீட்டுக்காரர் விடமாட்டார், ஆட்டோவில் ஏற்றமாட்டார்கள், தீனி கட்டுப்படியாகாது, பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்றும் பொய்யில்லை, எல்லாம் நிஜமான சிக்கல்கள்தான். மல்லிக்கு இத்தனையும் இருந்தது, கூடவே காதும் கேட்காது. இந்த முட்டுக்கட்டைகளை ஆளுக்கொன்றாக நீங்கள் எடுத்துப் போட்டீர்கள். நான் செய்ததெல்லாம் கடைசியில் படிவத்தில் கையெழுத்துப் போட்டதுதான்.

முதல் நன்றி, படப்பை பக்கம் வண்டியை நிறுத்திய கல்லூரித் தம்பிகள் இருவருக்கும். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் லாரிகள் போகிற வேகம் உங்களுக்கே தெரியும். எலும்பும் தோலுமாக ஒரு வெள்ளை நாய் ஓரத்தில் நிற்கிறது, லாரிக்காரர் அத்தனை நீளமாக ஹாரன் அடித்தும் தலையைக்கூடத் திருப்பவில்லை. நாய் மீட்புக் குழுவுக்குப் போன் போட்டு, "அண்ணா, இதுக்குக் காது கேக்கல போல" என்று சொன்னது நீங்கள்தான். மருத்துவர் பிறகு கண்டுபிடித்ததை நீங்கள் அங்கேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். இருட்டும் வரை அவளைச் சாலைப் பக்கம் போகவிடாமல் பிஸ்கட்டைக் காட்டி நிறுத்தி வைத்திருந்தீர்களே, அன்றைக்கு உங்களுக்கு மறுநாள் செமஸ்டர் தேர்வு என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. பாஸாகிவிட்டீர்கள்தானே?

மல்லி அசல் ராஜபாளையம். இளஞ்சிவப்பு மூக்கு, தேன் நிறக் கண், ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு. இந்த இனத்தில் முழு வெள்ளையாகப் பிறப்பவற்றில் சிலவற்றுக்குக் காது கேட்பதில்லை. உள்காதில் நிறமி செல்கள் இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே செவித்திறன் அழிந்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். டால்மேஷியன் இன நாய்களிலும் இதே கதைதான். முழு வெள்ளைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கும்வரை இது தொடரும். மடி தொங்கிக் கிடந்ததைப் பார்த்தால் பல ஈத்து குட்டி போட்டவள். இனி போடமாட்டாள் என்று ஆனதும் யாரோ கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. எழுத்துப் பிழை இல்லை. அவளுக்கு நாங்கள் ஒரு வேளைக்கு வாங்குகிற கோழிக் கழுத்து அதைவிட அதிகம்.

அடுத்து கோவிலம்பாக்கம் அக்கா. தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி நீங்கள் எடுத்துப்போனபோது உங்கள் வீட்டில் ஏற்கெனவே பெரிய நாய்கள் இருந்தன. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களுக்குத் தடை என்று சுற்றறிக்கை விட்டது, நீதிமன்றங்கள் அதை நிறுத்தின. மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய கொடுமை நடந்தது. அதற்கப்புறம் "எங்க வீட்டு நாயை எடுத்துக்கோங்க" என்று வந்த போன்களை நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பட்டியலில் இல்லாத நாயையும்கூட, உருவம் பெரிது என்பதற்காகவே கொண்டுவந்து விட்டார்களாம். அந்தக் குழந்தைக்கு நேர்ந்ததை யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் எந்த நாயையும் எந்த வீட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடக் கூடாது என்பதில் நீங்கள் அவ்வளவு கறாராக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் போய்ப் பார்த்து, "இவளை எடுத்துக்கிறேன் அக்கா" என்று சொன்ன கொஞ்ச நாளிலேயே உண்ணிக் காய்ச்சல் அவளைப் படுக்கப் போட்டது. ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. சென்னையில் நாய் வளர்க்கிற எல்லோருக்கும் இந்த நோயைத் தெரியும். உண்ணி கடித்து உள்ளே போகிற கிருமி, தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் ஒரு வழி பண்ணிவிடும். மருந்து வேலை செய்யும்வரை உயிர் தாங்க வேண்டுமே, அதற்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். 1903-லிருந்து நடக்கிற கல்லூரி. காலையில் போய்ப் பாருங்கள், ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் பங்களா வீட்டு நாயும் இருக்கும், சாக்குப்பையில் சுற்றிய ஆட்டுக்குட்டியும் இருக்கும், இரண்டுக்கும் ஒரே வரிசைதான். அங்கே மல்லியைப் பார்த்த டாக்டரம்மா, அவள் காது கேட்காதவள் என்று தெரிந்ததும் செய்த ஒரு காரியத்தை நான் மறக்கமாட்டேன். ஊசி போடும் ஒவ்வொரு முறையும் முன்னால் வந்து நின்று, தன் கையை அவள் மூக்கருகே கொண்டுபோய் முகரவிட்டு, அதற்கப்புறம்தான் பின்னால் போனார். அத்தனை கூட்டத்திலும் ஒரு தடவைகூட அதை விடவில்லை.

ரத்தம் கொடுத்தவன் ஓர் அண்ணா நகர் லேப்ரடார். அவன் வீட்டுக்காரரே, நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. மீட்புக் குழுவின் செய்தியைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்தீர்கள். பெரிய நாய்களால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நாய்களுக்கு ரத்தம் வேண்டுமென்றால் பெரிய நாய்தான் கொடுக்க முடியும், 25 கிலோவாவது இருக்க வேண்டும். சுமார் 450 மில்லி எடுத்தார்கள். உங்கள் பையன் மேசைமேல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, வாலை மட்டும் ஆட்டியபடியே கொடுத்தான். முடிந்ததும் அவனுக்கு வாங்கி வந்த வேகவைத்த முட்டையை மல்லிக்கும் ஒன்று என்று நீட்டினீர்கள். அவள் அப்போது அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது முட்டை என்றால் அடுப்படியை விட்டு நகரமாட்டாள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவள் தேறியதும் மீட்புக் குழு என் வீட்டைப் பார்க்க வந்தது. சொந்தக்காரர்கள் பெண் பார்க்க வந்தபோதுகூட அம்மா இவ்வளவு பதறியதில்லை. எத்தனை மணிக்கு வேலைக்குப் போவேன், ஊர் மாற்றல் வந்தால் என்ன செய்வேன், எனக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பார்ப்பது, எல்லாம் கேட்டீர்கள். கேட்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளியை டேப் வைத்து அளந்தீர்கள். கடைசியில் முடியாது என்றீர்கள். மதில் இடுப்பு உயரம்தான், வேட்டைநாய் வம்சம் ஒரே தாவில் தாண்டிவிடும், காது கேட்காதது தெருவில் இறங்கினால் வண்டிச் சத்தம் தெரியாது என்று காரணமும் சொன்னீர்கள். அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அப்படி முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்களிடமிருந்து நாயை வாங்குவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

இங்கேதான் எங்கள் ஹவுஸ் ஓனர் ஐயா வருகிறார். அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்யக் கூடாது, உருவத்தையோ இனத்தையோ காரணம் காட்டக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வாடகை வீட்டில் அதையெல்லாம் நீட்டி என்ன பயன்? வீட்டுக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. தயங்கித் தயங்கிப் போய் நின்றேன். ஐயா விருதுநகர் பக்கத்துக்காரர் என்பது நல்ல காலம். "ராஜபாளையமா? எங்க தோப்புல ரெண்டு நின்னுச்சே" என்று ஆரம்பித்தவர், 2005-ல் தபால் துறை விட்ட நாய் ஸ்டாம்புகள் நான்கில் ராஜபாளையமும் ஒன்று என்று பழைய ஆல்பத்தை எடுத்து வந்து காட்டினார். அதைப் பார்த்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. பிறகு மூன்று நிபந்தனை போட்டார். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும், உரிமம் எடுக்க வேண்டும், கயிறு இல்லாமல் வெளியே விடக் கூடாது. மதில்மேல் கம்பி நட்டு வலை கட்டும் செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். ஐயா, அந்தப் பாதியை நான் கேட்கவில்லை என்பதற்குத் தெருவே சாட்சி.

வலை கட்டிய கொத்தனார் அண்ணன் ஒரு காரியம் தானாகவே செய்தார். கேட் அருகில் சிமெண்ட் தரையில் அவள் படுப்பாள் என்று சொன்னதும், "கனமான நாய்க்கு முட்டி காய்ச்சுப் போயிடும் தம்பி, சாக்கை மடிச்சுப் போடுங்க" என்று தன் வண்டியிலிருந்து நாலு கோணிச் சாக்கைக் கொடுத்துவிட்டுப் போனார். இதையே மருத்துவரும் பிறகு சொன்னார். கட்டாந்தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் தோல் தடித்து, வெடித்துப் புண்ணாவது பெரிய நாய்களுக்கு வழக்கம். சாக்கு இன்னமும் இருக்கிறது. ராத்திரி மட்டும் அதைவிட்டு அம்மாவின் கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள்.

அக்கா எழுதிக் கொடுத்த தாள் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒரே வேளையில் மொத்தமாகப் போடாதே, இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடு. சாப்பிட்டதும் ஓடவிடாதே. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதே, அந்த நிமிஷமே கிளம்பு. ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வெங்காயம் கூடாது, வெந்த எலும்பு கூடாது. இந்தக் கடைசி வரியை அம்மாவுக்காகச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. கறிக்கடை பாய் கழுத்துக் கறியும் ஈரலும் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார். பக்ரீத் அன்று பை இரண்டு மடங்கு கனத்தது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

தெருவைப் பற்றிச் சொல்லாவிட்டால் மடல் நிறையாது. எதிர்வீட்டுப் பாட்டி முதல் வாரம் கதவைத் திறக்கவில்லை. பால்காரர் பாக்கெட்டைக் கேட்டுக்கு வெளியிலிருந்தே எறிந்தார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், முப்பது கிலோ நாய் எழுந்து நின்றால் எனக்கே ஒரு நொடி திக் என்றிருக்கும். மாறியது மாடி வீட்டு ஐந்தாம் வகுப்புப் பெண்ணால். தூங்கும்போது தொட்டால் அவள் பதறிக் கடித்துவிடக்கூடும், முதலில் தரையைக் காலால் தட்ட வேண்டும், அதிர்வு தெரிந்து கண் விழிப்பாள் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பெண் அதைத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடமாக எடுத்துவிட்டாள். உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்காரு, கட்டைவிரலை உயர்த்தினால் சபாஷ். இருட்டியபின் வாசல் விளக்கை இருமுறை அணைத்துப் போட்டால் உள்ளே வா. இப்போது பாட்டியும் கட்டைவிரலைக் காட்டுகிறார். அவர் எதைச் செய்ததற்குச் சபாஷ் சொல்கிறார் என்று மல்லிக்கு விளங்குவதில்லை, ஆனாலும் வாலாட்டிவிடுகிறாள்.

மீட்புக் குழுவினரே, நீங்கள் அனுப்பிய புதுப் பட்டியலைப் பார்த்தேன். இடுப்பெலும்பு பலவீனமான ஜெர்மன் ஷெப்பர்ட் ஒன்று, அதற்குப் படி இல்லாத வீடு வேண்டும். அக்கா வீட்டில் ஃபேனுக்கடியிலேயே கிடக்கும் செயின்ட் பெர்னார்ட், அதற்குக் கோடை முழுக்க ஏ.சி. வேண்டும், சென்னையில் அதை விற்றவர்களை என்ன சொல்வது. அப்புறம் அந்தக் கறுப்பு கிரேட் டேன், சாது, இடியென்றால் மட்டும் பயம். இந்த மடலைப் படிக்கிறவர்களில் தரைத்தளத்தில் வீடும், பேசினால் கேட்கிற ஹவுஸ் ஓனரும் உள்ளவர்கள் தயவுசெய்து குழுவுக்கு எழுதுங்கள். கேள்வி நிறையக் கேட்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கிரேட் டேனை எடுப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ஆட்டோ தேடி அலையாதீர்கள், ஒருவரும் ஏற்றமாட்டார்கள். மல்லியை ஏற்றிவந்த குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) அண்ணன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நாய் ஏற மறுத்தால் போர்வையில் கிடத்தித் தூக்க ஒரு கை கொடுப்பார், வேகத்தடையில் மெதுவாகப் போவார். வாடகையில் மட்டும் அவரிடம் பேரம் பேசாதீர்கள்.

நன்றியுடன்,
மல்லி வீட்டுக்காரனும் அவன் அம்மாவும்,
சேலையூர்