‘கீ’யில் இல்லாத சரியான விடை

மதிப்பிற்குரிய விடைக்குறிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வில் எட்டாம் வகுப்பு அறிவியல் தாளுக்கு நீங்கள் அனுப்பிய விடைக்குறிப்பை, அதாவது நாம் ‘கீ’ என்று சொல்வதைப் பற்றித்தான் இந்த மடல். வினாத்தாள் எப்படி வருகிறது, தாள்கள் பள்ளி மாற்றி எப்படித் திருத்தப்படுகின்றன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

‘மண்பானையில் வைத்த நீர் குளிர்ச்சியாக இருப்பது ஏன்?’ இது இரண்டு மதிப்பெண் கேள்வி. நல்ல கேள்வி, கேட்டதற்கு நன்றி. விடைக்குறிப்பில் மூன்று சொற்களுக்கு அடிக்கோடு இருந்தது: நுண்துளைகள், ஆவியாதல், உள்ளுறை வெப்பம் (நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம்).

என் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியதை அப்படியே தருகிறேன்: “பானைக்கு வெளிப்பக்கம் எப்போதும் ஈரமாக இருக்கும். அந்த ஈரம் காய சூடு வேண்டும். அந்தச் சூட்டைப் பானையில் இருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரில் இருந்தும் எடுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் குளிரும். மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் இவ்வளவு குளிராது. ஏன் என்றால் அப்போது ஈரம் சீக்கிரம் காயாது.”

இதற்குக் கிடைத்தது முட்டை.

அதே வகுப்பில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: “உள்ளுறை வெப்பம் நுண்துளைகள் வழியாகப் பானைக்குள் சென்று ஆவியாதல் நடப்பதால் நீர் குளிர்கிறது.” வெப்பம் உள்ளே போனால் தண்ணீர் எப்படி ஐயா குளிரும்? ஆனால் மூன்று சொற்களும் இருந்தன, மூன்றுக்கும் அடியில் ஸ்கேல் வைத்துப் போட்ட பென்சில் கோடும் இருந்தது. இரண்டுக்கு இரண்டு. அந்தப் பையன் மேல் வருத்தமில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்திருக்கிறான்.

அந்தப் பெண் எழுதியதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஆவியாதல் என்ற சொல் இல்லை, உண்மை. ஆனால் ஈரம் காய வெப்பம் தேவை என்பது இருக்கிறது. அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பது இருக்கிறது. சாதாரண அறை வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக 2,400 ஜூலுக்கும் சற்று அதிகமான வெப்பம் வேண்டும். அந்த எண் அவளுக்குத் தெரியாது, ஆனால் கணக்கு எந்தப் பக்கம் கழிகிறது என்பது தெரிந்திருக்கிறது. அதற்கும் மேலே போய், காற்றில் ஈரப்பதம் கூடினால் ஆவியாதல் குறையும் என்பதைத் தன் வீட்டுப் பானையை வைத்தே சொல்லிவிட்டாள். உங்கள் குறிப்பில் அந்த வரி கிடையாது. அதாவது விடைக்குறிப்பைவிட விடையில் அறிவியல் அதிகமாக இருந்தது, அதனால் மதிப்பெண் போய்விட்டது.

திருத்திய ஆசிரியரிடம் பேசினேன். அவரும் நல்லவர்தான். “எனக்கும் புரியுது டீச்சர். ஆனா கீயில இல்லையே. நான் மார்க் போட்டுட்டு அப்புறம் யாராவது கேட்டா என்ன பதில் சொல்றது?” என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மேசையில் கட்டுக்கட்டாகத் தாள், கையில் உங்கள் குறிப்பு, முன்னால் ஒரு கெடு. சொல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு நான்கு நொடி போதும். பொருள் இருக்கிறதா என்று பார்க்க நின்று படிக்க வேண்டும்.

அந்த மாணவி தாளை எடுத்துக்கொண்டு வந்து, “மிஸ், இது தப்பா?” என்றாள். தப்பில்லை என்றேன். “அப்புறம் ஏன் முட்டை?” அதற்கு ஏதோ சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் வகுப்பில் வைத்த சின்னத் தேர்வில் அதே கேள்வியைக் கேட்டேன். நுண்துளைகள், ஆவியாதல், உள்ளுறை வெப்பம் என்று வரிசை மாறாமல் எழுதியிருந்தாள். கோடும் போட்டிருந்தாள். மழைக்காலத்தைப் பற்றிய வரி மட்டும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். விடைக்குறிப்பின் தலைப்பில் ஒரு வரி சேருங்கள்: பொருள் சரியாக இருந்தால் சொந்த நடையில் எழுதிய விடைக்கும் மதிப்பெண் உண்டு, சொற்கள் இருந்தும் பொருள் தவறாக இருந்தால் இல்லை. கணக்குப் பாடத்தில் மாற்று வழியில் போட்டாலும் மதிப்பெண் தருகிறோம். அறிவியலுக்கும் அதே நியாயத்தைத்தான் கேட்கிறேன்.

இது ஏதோ இரண்டு மதிப்பெண் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மனிதருக்கு ஒன்று தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்ற பழைய கேள்வி இதற்குள் இருக்கிறது. நம் ஊரில் அறிவைப் பெறும் வழிக்கு ‘அளவை’ என்று பெயர் வைத்து நூற்றாண்டுக் கணக்கில் வாதம் செய்திருக்கிறார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் மணிமேகலை போய்க் கேட்கும்போது, முதலில் பேசும் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறார். வியாசருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்று பழைய ஆசிரியர்களின் கணக்கும் சொல்கிறார். பௌத்தரான அறவண அடிகள் காட்சி (நேரில் காண்பது), கருதல் (கண்டதை வைத்து ஊகிப்பது) என்ற இரண்டே போதும் என்கிறார். பூதவாதியோ கண்ணால் காண்பதைத்தான் நம்புவேன் என்று நிற்கிறார். பின்னால் வந்த சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை (நூலோ பெரியோரோ சொன்ன சொல்) என மூன்றைக் கொண்டது. இத்தனை பேர் இத்தனை விதமாகச் சண்டை போட்டும், உரை ஒன்றே போதும், கண்ணையும் கருத்தையும் மூடிக்கொள் என்று இவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பெருமை நம் விடைக்குறிப்புக்குத்தான்.

பானையின் ஈரத்தைப் பார்த்தது காட்சி. மழைக்காலத்தோடு ஒப்பிட்டுக் காரணத்தைப் பிடித்தது கருதல். இரண்டையும் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் தேர்வு அறையில் உட்கார்ந்து செய்திருக்கிறாள். புத்தகத்து உரை மட்டும் விடுபட்டுப் போனது.

இதையெல்லாம் நமக்கு யாரும் சொல்லித் தராமலும் இல்லை. பி.எட். படித்த எல்லாரும் டூயி, பியாஜே, வைகாட்ஸ்கி என்று கற்றல் பற்றிச் சிந்தித்த அறிஞர்களைப் பற்றி எழுதித் தேறி வந்தவர்கள்தாம். குழந்தை தன் அனுபவத்தில் இருந்து அறிவைத் தானே கட்டமைக்கிறது என்ற கொள்கைக்கு ஐந்து சிறப்பியல்புகள் உண்டு. அவற்றை மனப்பாடம் செய்து, கோடு போட்டு எழுதினால் முழு மதிப்பெண். 2005-இல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் அதைத்தான் சொன்னது: அறிவைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு இணையுங்கள், மனப்பாடத்தை விடுங்கள், தேர்வை நெகிழ்வாக்குங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அட்டைகளோடு தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போனது. தரையில் உட்கார்ந்து அட்டையை எடுத்துத் தாங்களே செய்து பார்த்த பிள்ளைகள் இருந்தார்கள். மேல் வகுப்புக்கு வந்ததும் அவர்களுக்குக் கிடைத்தது உங்கள் ‘கீ’.

கொள்கை என்னவாக இருந்தாலும், பிள்ளைகள் நம்புவது மதிப்பெண்ணைத்தான். பெற்றோரும் அப்படித்தான், தலைமையாசிரியரும் அப்படித்தான். பிறகு கைடு போடுகிறவர்களுக்கு என்ன குறை? கேள்விக்கு மூன்று சொல், சொல்லுக்குத் தடித்த எழுத்து. பத்தாம் வகுப்பில் சதம் எடுத்தால் வாசலில் ஃபிளெக்ஸ், பன்னிரண்டுக்குப் பிறகு கோச்சிங் வகுப்பு. எல்லாம் முடிந்து வேலைக்குப் போன பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியவில்லை என்று கருத்தரங்கு நடத்துவோம். டீ, பிஸ்கட் உண்டு.

மன்னிக்கவும், வேறு எங்கோ போய்விட்டேன்.

கலைச்சொல் வேண்டாம் என்பது என் வாதமில்லை. ஆவியாதல் என்ற சொல்லை அவள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மேல் வகுப்புக்குப் போக, வேறு புத்தகம் படிக்க, இன்னொருவரோடு விவாதிக்க அது தேவை. சொல் இல்லை என்று அரை மதிப்பெண் குறையுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பொருளே இல்லை என்பதுபோல் முட்டை போடாதீர்கள். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ஆசிரியர் சொல்வதில் இருந்து மாணவருக்குக் கிடைப்பது கால் பங்குதான் என்கிறார். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் அறிந்ததைப் பிறருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லும்போது வருகிறது. அந்த மாணவி செய்தது அந்த அரைப் பங்கு வேலையைத்தான், யாருக்கும் புரியும்படி எடுத்துச் சொன்னாள். அதற்கு மதிப்பெண் இல்லாத தேர்வில், ஆசிரியர் சொன்ன கால் பங்கை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருத்தும் ஆசிரியரை நம்பினால் ஆளாளுக்கு மதிப்பெண் போடுவார்கள், சமநிலை இருக்காது என்று உங்கள் தரப்பில் கவலை இருக்கும். அது நியாயமான கவலை. ஆனால் இப்போது இருக்கும் முறையில் தவறான விடைக்கு இரண்டும் சரியான விடைக்குப் பூஜ்யமும் கிடைத்திருக்கிறது. இந்தச் சமநிலையை யாருக்காகக் காப்பாற்றுகிறோம் என்பதையும் யோசியுங்கள். வேண்டுமானால் ஏன், எப்படி என்று தொடங்கும் கேள்விகளுக்கு மட்டும் முதலில் செய்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏற்கத்தக்க இரண்டு மாதிரி விடைகளை, அதில் ஒன்றைப் பிள்ளைகள் பேசும் நடையில், குறிப்பிலேயே கொடுத்துவிட்டால் திருத்துகிறவருக்கும் தைரியம் வரும்.

முழு ஆண்டுத் தேர்வுக்கான விடைக்குறிப்பு அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு விடைத்தாள்களின் நகலையும் பெயர், எண் மறைத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் விடைக்குறிப்பைக் கையில் எடுக்காமல் நீங்களே திருத்திப் பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை ஒருவர்