மருத்துவர் அதே, கட்டணம் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மருத்துவர்கள் கூட்டாக நடத்திவந்த கிளினிக்குகளைப் பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் ஒவ்வொன்றாக வாங்கிவருவது கவலை தருகிறது. மருத்துவர்களுக்கே சொந்தமான கிளினிக்குகளில் 2012-இல் 60 சதவீத மருத்துவர்கள் பணியாற்றினர் என்கிறது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கணக்கெடுப்பு. 2024-இல் அது 42 சதவீதம்.

விற்கும் மருத்துவர்களை நான் குறை சொல்லமாட்டேன். காப்பீட்டு நிறுவனங்களோடு மல்லுக்கட்டவே அவர்களுக்குப் பாதி நாள் போய்விடுகிறது. ஆனால் சுமை நோயாளி தலையில்தான் விழுகிறது. வாங்கிய கிளினிக்கை மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவாக மாற்றிவிட்டால், மருத்துவர் கட்டணத்தோடு ‘வசதிக் கட்டணம்’ என்று இன்னொன்றையும் வசூலிக்கலாம். அதே அறை, அதே மருத்துவர், அதே சிகிச்சை! மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே புதிதாகத் தொடங்கும் இத்தகைய பிரிவுகளுக்கு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தரும் கூடுதல் தொகைக்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டம் கடிவாளம் போட்டது. பழையவை தப்பித்துக்கொண்டன. அந்த விலக்கை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.

ஐடஹோ மாநிலத்தில் செயின்ட் லூக்ஸ் குழுமம் 2012-இல் சால்ட்சர் மருத்துவக் குழுவை வாங்கியது. போட்டியைக் குலைக்கிறது என்று 2014-இல் நீதிமன்றம் அதைப் பிரிக்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. ஆனால் எல்லாக் கொள்முதலும் நீதிமன்றம் வரை வருவதில்லை. தொகை குறைவென்றால் கூட்டரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியதே இல்லை. சிறிய கொள்முதல்களையும் முன்னதாக அறிவிக்கும்படி எல்லா மாநிலங்களும் சட்டம் இயற்ற வேண்டும்.

– ஒரு வாசகர்