மேடையில் சொன்னதும் பதவியில் செய்ததும்

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தேர்தல் வந்தாலே இங்கே செல்லூர் டீக்கடைகளில்கூட, யார் ஜெயித்தால் எங்கே சண்டை வரும் என்று ஜோசியம் தொடங்கிவிடுகிறது, அதுவும் பிரசாரப் பேச்சை மட்டும் வைத்து. 1964 தேர்தலில் அப்போதைய அதிபர் ஜான்சன், ஆசியப் பையன்கள் செய்யவேண்டிய வேலைக்கு அமெரிக்கப் பையன்களை அனுப்பமாட்டோம் என்றார். மறு வருடமே வியட்நாமில் தரைப்படை இறங்கியது. 2000 தேர்தலில் வேட்பாளராக இருந்த ஜூனியர் புஷ், அடுத்த நாட்டைக் கட்டியெழுப்புவது நம் ராணுவத்தின் வேலையில்லை என்று பேசிவிட்டு, அப்புறம் ஆப்கானிஸ்தான், இராக் என்று போய் அதையேதான் செய்தார்.

அதற்காகப் பேச்சு எல்லாமே சும்மா என்றும் தள்ளமுடியாது. இறக்குமதி வரி போடுவேன் என்று டிரம்ப் மேடைக்கு மேடை சொன்னார், 2025இல் போட்டார், திருப்பூர்க்காரர்கள் தவித்துப் போனார்கள். அதிபர் தானே கையெழுத்துப் போட்டு முடிக்கக்கூடியது என்றால் ஓரளவு நம்பலாம். போர், சமாதானமெல்லாம் எதிராளி கையிலும் இருக்கிறதே. அதனால் வேட்பாளரின் பேச்சைப் போடும்போது, பதவிக்கு வந்தால் யார் யோசனையைக் கேட்பார் என்று தெரிய, அவருக்கு ஆலோசகர்கள் யார் யார் என்பதையும் சேர்த்துப் போடுங்கள் சார்.

- ஒரு வாசகர், செல்லூர், மதுரை