நம் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை: பழைய டிராக்டரும் அழுக்கு எண்ணெயும்

தலைவர் அவர்களுக்கும், பெரியவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், உள்ளே வராமல் வாசலிலேயே நின்று டீ குடிக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஜூன் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றுவிட்டு மேலே போவோம்.

ஜூன் 3ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள நம் டோங்காட்டில் அடித்த சுழற்காற்றில் நம் உறுப்பினர்கள் சிலருடைய கொட்டகைக் கூரைகள் பறந்தன. மறுநாளே சங்கிலியும் கயிறுமாகப் போய், வழியில் விழுந்து கிடந்த மரங்களை இழுத்துப் போட்டவை நம் பழைய டிராக்டர்கள்தான். உதவிய எல்லோருக்கும் சங்கத்தின் நன்றி. வீட்டைச் சரிசெய்யவே பணம் போதாத நேரத்தில் டிராக்டர் கொட்டகையை யார் பார்ப்பார்கள்? சில வண்டிகள் கோடை மழை தொடங்கிய பிறகும் வெட்டவெளியிலேயே நின்றன. அதன் விளைவைப் பட்டறையில் பார்த்தோம்.

ஆகவே இந்த அறிக்கையில் ஹைட்ராலிக் எண்ணெய், அதாவது பம்பு அழுத்தித் தள்ளிச் சுமையைத் தூக்கவைக்கும் எண்ணெய், பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "பம்பு போச்சு" என்று இந்த ஆண்டு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பம்பு நன்றாகவே இருந்தது. கெட்டுப்போனது எண்ணெய். புதுப் பம்பு வாங்க ராண்ட் எண்ணி வைத்திருந்தவர்கள், பம்பின் வடிகட்டி வலையைக் கழுவி, எண்ணெயை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப் போனார்கள்.

நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் பெர்குசன் என்ற டிராக்டரின் வழி வந்தவை. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட சாம்பல் நிற டிஇ20 மாடல், அதற்குப் பின் வந்த 35 மாடல், அப்புறம் 135. இவற்றில் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் பம்பு, பின் ஆக்சில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். பம்பு அதற்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. கியர் பல் தேய்ந்து உதிரும் இரும்புத்தூளும், மேலிருந்து இறங்கும் மழைநீரும் கடைசியில் பம்புக்குத்தான் போய்ச் சேரும். சாதாரண மாடல்களில் அதைக் காப்பது உறிஞ்சும் இடத்தில் உள்ள ஒரு கம்பி வலை மட்டுமே. வெறும் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகள் ஏறத்தாழ 40 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). பம்பிலும் வால்விலும் உள்ள இடைவெளிகள் அதைவிட மிகக் குறுகியவை. எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்து "சுத்தமாத்தானே இருக்கு" என்று சொல்வதை இனிமேலாவது விட்டுவிடுவோம்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று பலர் கேட்டார்கள். முதல் குற்றவாளி கியர் கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் உறை. வெயிலில் காய்ந்து வெடித்த உறை வழியாக ஒவ்வொரு மழையும் நேரே கியர்பாக்ஸுக்குள் இறங்கும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள் அது. அதை மாற்றாமல், சீட்டின் மேல் மட்டும் பிளாஸ்டிக் பை போட்டு மூடிவைக்கும் வழக்கம் எனக்கு இன்னும் புரியவில்லை. இரண்டாவது நம் கடற்கரைக் காற்று. பகலில் சூடாகி இரவில் குளிரும் வண்டி, மூச்சுத்துளை வழியாக ஈரக்காற்றை இழுக்கும். அது உள்ளே வியர்த்து நீராகும். கரும்பு வெட்டு முடிந்து ஜனவரி முதல் மார்ச் வரை வேலையில்லாமல் நிற்கும் வண்டிகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

எண்ணெய் பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் சோதனையே தேவையில்லை. சந்தேகம் இருந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், படபடவென்று பொரிந்தால் நீர் இருக்கிறது. தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயோடு இன்னும் கலக்காத நீர் இரவு முழுக்க வண்டி அசையாமல் நின்றால் அடியில் தங்கும். காலையில் இன்ஜினைத் தொடாமல் அடித் திருகை மெல்லத் தளர்த்தினால் அதுதான் முதலில் வரும். ஆனால் ஏற்கெனவே நீரோடு கலந்து வெளுத்துப்போன எண்ணெய் எத்தனை நாள் நின்றாலும் லேசில் பிரியாது. மாற்றத்தான் வேண்டும். கியர்பாக்ஸ், நடுப்பகுதி, பின் ஆக்சில் ஆகிய மூன்றின் திருகுகளையும் திறவுங்கள். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு "புது எண்ணெயும் வெளுத்துவிட்டது" என்று வந்து நின்றால் பட்டறைக்காரர் என்ன செய்வார்?

டீசல் ஊற்றிக் கழுவலாமா என்ற சண்டை ஆகஸ்ட் கூட்டத்தில் டீ ஆறும்வரை நடந்தது. குழுவின் முடிவு: டீசலோடு பம்பை ஓட்ட வேண்டாம், அதற்கு வழுவழுப்பு போதாது. விலை குறைந்த அதே வகை எண்ணெயை ஊற்றி, சுமையில்லாமல் சிறிது நேரம் ஓட்டி, சூட்டோடு வடித்துவிடுவதே நல்லது. பிரேக் எண்ணெயை ஊற்றி "அளவு சரிசெய்தேன்" என்று ஒருவர் சொன்னதையும் இங்கே குறிப்பிடவேண்டியிருக்கிறது. அது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுக்கும். தயவுசெய்து வேண்டாம். பக்க மூடியைத் திருப்பிப் பூட்டும்போது சிலிக்கான் பசையை அள்ளிப் பூசுவதும் வேண்டாம். உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் வலையை அடைக்கும். துடைக்க நூல் உதிரும் வேஸ்ட் துணியும் கூடாது.

இப்போது டிரெய்லர் விவகாரம். எருவும் மணலும் ஏற்ற நாம் பொதுவில் வைத்திருக்கும் டிப்பர் டிரெய்லர் வீட்டுக்கு வீடு போகிறது. அதைத் தூக்குவது இழுக்கும் டிராக்டரின் எண்ணெய். இறக்கும்போது அந்த எண்ணெய் டிராக்டருக்கே திரும்பி வருகிறது. ஆனால் சிலிண்டரிலும் குழாயிலும் கொஞ்சம் தங்கிவிடும். அடுத்த வீட்டு டிராக்டரில் மாட்டினால் முந்தினவருடைய தண்ணீரும் இரும்புத்தூளும் அதற்குள் போய்விடும். தன் வண்டிக்குப் புது எண்ணெய் ஊற்றிய ஒருவர் இரண்டே வாரத்தில் அது வெளுத்துவிட்டது என்று வந்தபோது, ரப்பர் உறை, மூடி, திருகு எல்லாம் பார்த்துக் களைத்த பிறகுதான் டிரெய்லர் மேல் சந்தேகம் வந்தது. இதில் குழாயை டிராக்டரோடு இணைக்கும் கப்ளிங்கின் மூடிகள் தொலைந்து பல காலம் ஆகிறது. குழாய் முனை மண்ணில் இழுபட்டு, கரும்புத் தோட்டத்துச் சாம்பலோடு அப்படியே மாட்டப்படுகிறது.

யார் வண்டியிலிருந்து வந்தது என்று பேச்சு வளர்ந்து, இரு குடும்பங்களுக்குள் கொஞ்சம் மனக்கசப்பும் ஆகிவிட்டது. அண்ணன் தம்பிபோல் பழகியவர்கள். காவடிக்கு ஒன்றாக வந்து நின்றதைப் பார்த்ததால் அதற்குமேல் எழுதவில்லை.

எண்ணெய் வாங்குவது பற்றி ஒரு சொல். கூட்டாக 210 லிட்டர் டிரம் வாங்கியதில் மிச்சம் பிடித்தோம், சரி. ஆனால் டிரம்மை வெளியே நிமிர்த்தி வைத்ததால் அதன் தலையில் மழைநீர் தேங்கி நின்றது. இரவுக் குளிரில் டிரம் சுருங்கும்போது மூடியின் மரை வழியாக அந்த நீரை உள்ளே உறிஞ்சும். வெளியே வைத்தே ஆகவேண்டுமென்றால் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் பக்கவாட்டில், எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள். சீல் உடைக்காத புது எண்ணெயிலும் தூசி இருக்கும். வலை வைத்த புனல் இல்லாமல் ஊற்ற வேண்டாம். வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலில் கொட்டாதீர்கள். நாடு முழுவதும் இதைச் சேகரிக்க 1994 முதல் ரோஸ் அறக்கட்டளை என்ற அமைப்பு இருக்கிறது. பட்டறைப் பீப்பாயில் சேர்த்துவைத்தால் அவர்கள் வழியாக ஒப்படைக்கலாம்.

நவம்பர் 16, 1860இல் நம் முன்னோர் டர்பனில் வந்து இறங்கிய நாளின் நினைவாக வண்டிகளைக் கோயில் திடலில் நிறுத்தினோம். குழந்தைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு 35 கிளம்ப மறுத்தது. அது பேட்டரி, எண்ணெய் அல்ல.

இந்தக் கூட்டத்தின் முன் குழு வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. பொது டிரெய்லரை எடுத்துப் போகும் முன் அந்த டிராக்டரின் எண்ணெயைப் பட்டறைக்காரர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பெரியவர், சின்னவர் என்ற வேறுபாடு இல்லை. கப்ளிங் மூடிகளைச் சங்கச் செலவில் வாங்கிச் சங்கிலியில் கட்டிவைக்க வேண்டும். தொலைத்தவர் பணம் கட்டவேண்டும். முதல் தீர்மானத்துக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று தெரியும். சாப்பாட்டுக்கு முன்பே வாக்கெடுப்பை வைத்துக்கொள்ளலாம் என்று தலைவரைக் கேட்டுக்கொண்டு, அறிக்கையை ஏற்கும்படி வேண்டுகிறேன்.

செயலாளர்