ஓடு மாற்றும் மாதம்

உ
சிவமயம்

பள்ளத்தூர்,
மார்கழி மாதம்.

சிரஞ்சீவி தம்பிக்கு அப்பச்சி எழுதுவது.

இங்கு நானும் ஆத்தாவும் அப்பத்தாவும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல். பிள்ளையார் நோன்பன்று நீங்கள் அங்கே இழை எடுத்துக்கொண்ட படத்தை அப்பத்தாவிடம் காட்டினேன். பேத்தி அந்த இழையை, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியை, மாவோடு சேர்த்து விழுங்கத் தயங்கியதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சென்ற வாரம் தொலைபேசியில் நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் அப்போது நிதானமாகப் பதில் சொல்ல இயலவில்லை. வீட்டின் ஓடு மாற்றும் வேலையை வழக்கப்படி தை மாதத்தில் தொடங்கிவிடலாமா என்பது முதலாவது. வீட்டின் நடுவே திறந்து கிடக்கும் வளவு முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு நிரந்தரமாக மூடிவிடலாமா என்பது இரண்டாவது. இரண்டும் பருவம் தவறி வரும் குளிர்கால மழையைப் பற்றிய கேள்விகளே என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் வீட்டில் பங்குள்ள மற்றப் புள்ளிக்காரர்களுக்கும் படித்துக் காட்ட வசதியாக இருக்கும். ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து குடும்பங்களுக்கு, உரிமையுள்ள வீட்டில் நாம் இருவர் மட்டும் தொலைபேசியில் பேசி எதையும் முடிவு செய்ய முடியாது.

ஓடு மாற்றுவதற்குத் தை மாதத்தை நம் முன்னோர் வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யவேண்டியது பெய்து முடிந்திருக்கும். மார்கழியில் சுவர்கள் உலர்ந்திருக்கும். அறுப்பு முடிந்து கூலிக்கு ஆள் கிடைக்கும். வெயிலும் கூரைமேல் நின்று வேலை செய்பவரை வாட்டாது. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்ற பழமொழியை உன் ஐயா நாள் குறிக்கும்போதெல்லாம் சொல்வார். கர்ணனைப் பற்றிச் சொன்னது எப்படியோ, கார்த்திகையைப் பற்றிச் சொன்னதை நம்பி இனி வீட்டுக் கூரையைப் பிரிக்க எனக்குத் துணிவில்லை.

2021ஆம் ஆண்டுப் பொங்கல் உனக்கு நினைவிருக்கும். அந்த ஜனவரியில் பொங்கலுக்கு முந்தைய நாட்களில் விடாமல் பெய்த மழையால் முற்றத்தில் அடுப்புக் கூட்ட முடியாமல், கூரையுள்ள பட்டாலையின் ஓரத்தில் செங்கல் அடுக்கிப் பானை வைத்தோம். வானிலைத் துறை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களையே வடகிழக்குப் பருவமழைக் காலமாகக் கணக்கிடுகிறது. ஜனவரியும் பிப்ரவரியும் அவர்கள் ஏட்டில் குளிர்காலம், அதாவது மழை அதிகம் எதிர்பார்க்கப்படாத காலம். அந்த முறை பருவமழை விலகியதாக அவர்கள் அறிவித்தது ஜனவரி 19 அன்றுதான். அதற்குள் மேலத்தெருவில் ஒரு வீட்டார், பொங்கலுக்கு முன் முடித்துவிடலாம் என்று மார்கழிக் கடைசியில் ஓட்டைப் பிரித்துவிட்டு, கூரையில் பாதி திறந்து கிடக்கும் நிலையில் மழையிடம் மாட்டிக்கொண்டார்கள். மச்சுப் பலகைகள் ஊறி நெளிந்தன. மூன்று தலைமுறைக்கு முன் சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசிய சுவர்ப் பூச்சு, வாசல்படி உயரத்துக்குப் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. அந்தப் பூச்சைச் செய்யத் தெரிந்த கைகளை இன்று தேடிப் பிடிப்பது எளிதன்று என்பதால் அவர்கள் அதன்மேல் சிமெண்டைப் பூசினார்கள். சிமெண்டு உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. அதனால் ஒவ்வொரு மார்கழியிலும் அந்தச் சுவர் இப்போது உப்புப் பூத்து நிற்கிறது.

அது ஓர் ஆண்டின் விபத்து என்று நீ சொல்லலாம். இந்தப் பத்தாண்டுக் கணக்கைப் பார். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்து, நம் ஊருணியின் படிக்கட்டுகள் அடிவரை தெரிந்தன. 2021இல் அதே பருவமழை ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுந்து கண்மாய்கள் கலுங்கு தாண்டிப் பாய்ந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், மழை ஓயவேண்டிய மார்கழித் தொடக்கத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. நம் சிவகங்கை மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். காயல்பட்டினம் நம்மிடமிருந்து அடுத்த கண்டத்தில் இல்லை. அந்த மேகம் சற்று வடக்கே நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

இதற்கான காரணங்களை நீயே என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய். பசிபிக் கடலில் எல் நினோ நிலவும் ஆண்டுகளில் நமக்கு இந்தப் பருவமழை மிகும், லா நினா ஆண்டுகளில் குறையும் என்பது பொது விதி. அந்த விதிப்படி குறைந்திருக்கவேண்டிய 2021தான் மிகுந்து பெய்த ஆண்டு. வங்கக் கடல் சூடேறிக்கொண்டிருப்பதால் காற்று அதிக நீரைச் சுமக்கிறது, ஆகவே வரும்போது கொட்டித் தீர்க்கிறது என்று விளக்குகிறார்கள். அது எந்த வாரம் வரும் என்பதை மட்டும் அவர்களாலும் சில நாட்களுக்கு முன்தான் சொல்ல முடிகிறது. அதற்காக நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நான்கு நாள் முன்னறிவிப்பு என்பது ஐயா காலத்தில் எந்தப் பணத்துக்கும் கிடைக்காத பொருள். நம் வேலைகளைத்தான் இன்னும் மாதக் கணக்கில் வகுத்துக்கொண்டிருக்கிறோம்.

வயல் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். கண்மாய்க்குக் கீழே இருக்கும் நம் நிலத்தைப் பார்க்கும் குத்தகைக்காரருக்கு மழை வராத ஆண்டு ஒரு துன்பம், அறுப்பு நேரத்தில் வரும் ஆண்டு இரட்டைத் துன்பம். விளைந்த கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் இரண்டு மூன்று நாளில் முளைவிட்டுவிடும். தப்பியதை அறுத்துக்கொண்டு போனாலும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். வானம் மூடிக் கிடக்கும்போது அவர் எங்கே காயவைப்பார்? சென்ற முறை நம் வீட்டு முகப்பிலும் திண்ணைகளிலும் பரப்பிக்கொள்ளச் சொன்னேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நெல்லைக் காலால் கிளறுவதா என்று உன் பெரியாத்தா முகம் சுளித்தார். இந்த முறையும் கேட்டால் கொடுக்கத்தான் போகிறேன்.

இங்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்கவும் வழியில்லை. 2021 பிப்ரவரி 16 காலையில் உங்கள் டாலஸ் விமான நிலையத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதும், டெக்சாஸ் மாநிலத்தில் 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரம் இழந்ததும், நீ காருக்குள் உட்கார்ந்து கைபேசிக்கு மின்னேற்றிக்கொண்டே எங்களுடன் பேசியதும் மறக்கக்கூடியவையல்ல. அந்த மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். அதே ஆண்டின் டிசம்பர், அங்கே இதுவரை பதிவான டிசம்பர்களிலேயே மிக வெப்பமானது என்று நீயே பிறகு எழுதினாய். வெயிலுக்கென்று கட்டிய வீடுகளும், உறைபனிக்கு ஆயத்தம் செய்யாத எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களும் ஒரே இரவில் செயலிழந்தன. ஆகவே இப்போது வெயில் இதமாக இருக்கிறது என்று நீ சொன்னபோது எனக்கு நிம்மதி வரவில்லை. வெளிச்சுவர்க் குழாய்களுக்கு உறை போட்டாயா? உறைபனி எச்சரிக்கை வந்தால் உள்ளே குழாயைச் சொட்டவிட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். மின்சாரம் போனாலும் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டுவதோ, மூடிய கொட்டகையில் காரை ஓடவிடுவதோ ஒருபோதும் கூடாது. அன்று குளிரால் இறந்தவர்களைப் போலவே நச்சுப் புகையால் இறந்தவர்களும் இருந்தார்கள். இதை மருமகளிடமும் சொல்.

இனி முற்றத்தைப் பற்றி. அப்பத்தா ஈரக் கல்லில் வழுக்கிவிடுவார்களோ என்ற உன் கவலை நியாயமானது. ஆனால் அந்த முற்றம் மழையை உள்ளே வாங்குவதற்கென்றே கட்டப்பட்டது. நான்கு பக்கக் கூரையும் உட்புறம் சரிந்து தண்ணீரை அங்கே இறக்குகின்றன. மூலைகளில் வைத்த அண்டாக்கள் நிரம்பியது போக, கல்தளத்தின் சாய்வில் ஓடி மதகு வழியாகத் தெரு வாய்க்காலுக்கும் அங்கிருந்து ஊருணிக்கும் போகிறது. செம்பாறைத் தரை கொண்ட, ஆறு இல்லாத இந்த ஊர்களில் குடிதண்ணீருக்கு அதுவே வழியாக இருந்தது. மேலே தகட்டைப் போட்டால் இத்தனை கூரையின் தண்ணீரையும் வேறு எங்காவது திருப்பியாக வேண்டும். ஒரு மணி நேரத்தில் கொட்டும் இன்றைய மழையைத் தாங்கும் அளவு குழாயை அந்த மரச்சட்டங்களில் தொங்கவிட முடியாது. இன்னொன்று காற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டை வழியாக மேற்கே போனபோது, அடுத்த தெருவில் முற்றத்தை மூடியிருந்த தகடுகள் சட்டத்தோடு பிய்ந்து பக்கத்துக் கூரையில் விழுந்து நூற்றுக்கணக்கான ஓடுகளை நொறுக்கின. புயலில்லாத நாளிலும் அது சூடான காற்றை வெளியேற விடாமல் அடைத்துவிடும். மாசி முடிவதற்குள் வளவில் உட்கார முடியாது. கொள்ளைக்கும் குரங்குக்குமாக ஏற்கனவே போட்டிருக்கும் இரும்புக் கம்பி வலை போதும்.

அப்பத்தாவுக்காக வேறு ஏற்பாடு செய்யலாம். அவர்கள் படுக்கையை முற்றத்தைக் கடக்கத் தேவையில்லாத மேற்குப் பக்க அறைக்கு மாற்றி, அந்த வரிசையிலேயே ஒரு குளியலறையும் கட்டிவிடலாம். தூண்களுக்கு இடையே கைப்பிடிக் கம்பியும், மழை நாட்களில் மட்டும் இறக்கிவிடும் சுருட்டுப் படுதாவும் வைக்கலாம். மூன்றாம் கட்டில், அடுப்படிக்கு வெளியே, தகடு போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. அது பின்னால் சேர்த்த பகுதி. அப்பத்தாவிடம் கேட்டதில், தனக்குத் தண்ணீர் பயமில்லை, தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்தக் குளிர்தான் காலில் ஏறுகிறது என்றார்கள். அந்தப் பனியும் முன்போல ஒழுங்காக விழுவதில்லை. ஒரு வாரம் கம்பளி, மறு வாரம் மின்விசிறி என்று இருக்கிறது. அதிலேயே அவர்களுக்குச் சளி பிடித்துக்கொள்கிறது. சுக்கு மல்லிக் கசாயம் நாள்தோறும் நடக்கிறது.

ஓட்டு வேலையைப் பொறுத்தவரை என் முடிவு இது. தையில் தொடங்க வேண்டாம். மாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனிக்குள் முடிக்கலாம். வெயில் கடுமைதான், கூலி சற்றுக் கூடும், ஆட்கள் நண்பகலில் இறங்கிவிடுவார்கள். மாசியிலும் மழை வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனவே முழுக் கூரையையும் ஒரே மூச்சில் பிரிக்கும் பழைய முறையைக் கைவிட்டு, காலையில் பிரித்த பகுதியை மாலைக்குள் மூடிவிடும் அளவுக்கு மட்டுமே அன்றன்று திறக்கச் சொல்லப்போகிறேன். கொத்தனார் இதற்கு முணுமுணுக்கிறார். நாட்டு ஓட்டைக் கவிழ்த்தும் மல்லாத்தியும் பல வரிசையாக அடுக்குவதால் துண்டு துண்டாகச் செய்தால் இணைப்பு ஒழுங்காக வராது என்கிறார். அதில் உண்மை இருக்கிறது. ஆகவே பகுதிகளை முற்றத்தின் நான்கு மூலைவாட்டங்களில் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். நல்ல தார்ப்பாய்களை முன்கூட்டியே வாங்கி முகப்பில் அடுக்கிவிடுவேன். உடையாத பழைய ஓடுகளையே கழுவித் திரும்பப் போடவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அத்தகைய ஓடு சுடும் சூளைகள் இப்போது அரிதாகிவிட்டன.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் நம்மவர்கள்கூட இப்போது மூட்டையில் மழைக்கோட்டு வைத்துக்கொள்கிறார்கள். நான் இந்த முறை நடக்கவில்லை, சிங்கம்புணரி வரை போய் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டு வருவேன்.

பேத்திக்கு மார்ச் மாதத்தில் ஒரு வாரம் பள்ளி விடுமுறை என்றாயே, அப்போது வந்தால் பங்குனி பிறக்கும் நேரமாக இருக்கும், வேலையும் பாதி நடந்திருக்கும். பயணச்சீட்டை மாற்றிக்கொள்ளும் வகையில் எடு. நீங்கள் புறப்படும் வாரம் அங்கே எப்படி இருக்கும் என்று தெரியாது. பங்காளிகள் ஒப்புக்கொண்டதும் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிடுவேன். உன் பங்கை மாசி பிறப்பதற்குள் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
அப்பச்சி