குன்னூர்த் தேயிலையும் கொமெர்சி மத்லேனும்

நான்சி, பிரான்ஸ்
டிசம்பர் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

மத்லேன் என்ற பிரெஞ்சு கேக்கில் தேயிலை போட்டு டீ கேக் சுடுகிறேன் என்று போனில் சொன்னதும், "டீயைக் குடிப்பார்களா, தின்பார்களா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். பக்கத்திலிருந்து அம்மா சிரித்ததும் கேட்டது. இதையெல்லாம் போனில் விளக்க முடியாது. பாதியிலேயே செய்தி பார்க்க எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் கடிதம். பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். உங்களுக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. காலை எட்டு மணிக்கும் தெருவிளக்கு எரிகிறது. குன்னூரில் பிறந்தவளுக்குக் குளிர் ஒரு குளிரா என்பீர்கள். நம் ஊர்க் குளிர் வெயில் ஏறினால் போய்விடும்; இது வந்து உட்கார்ந்தால் மார்ச் வரை எழுந்திருக்காது. டிசம்பர் 6 புனித நிக்கோலா திருநாள். இந்த லொரேன் பகுதிக்கே அவர்தான் காவல் புனிதர் என்பதால், கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்காமல் இப்போதே ஊர் முழுக்க விளக்கு. குழந்தைகளுக்கு அவர் உருவத்தில் தேனும் கிராம்பும் பட்டையும் போட்ட ரொட்டி கிடைக்கும். நானும் ஒன்று வாங்கினேன். வாசனை பிரமாதம், கடித்தால் பல் போய்விடும்.

டீ விஷயத்தில் உங்கள் மகள் படும் பாட்டைக் கேளுங்கள். கஃபேயில் டீ கேட்டால் ஒரு கோப்பை வெந்நீர் வரும், தட்டின் ஓரத்தில் ஒரு பை கிடக்கும். அந்த வெந்நீரும் கொதித்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ. பால் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கடையில் பெரும்பாலும் மாதக்கணக்கில் கெடாத பால்தான் அடுக்கி இருக்கிறது. அதில் டீ போட்டால் காய்ச்சிக் காய்ச்சி அடிபிடித்த வாடை. ஆனால் தேயிலைக் கடை என்று தனியாக இருக்கிறதே, அது வேறு உலகம். சுவர் முழுக்கத் தகர டப்பா, டார்ஜிலிங், அஸ்ஸாம், சிலோன் என்று பெயர் எழுதி, தராசில் நிறுத்து நூறு நூறு கிராமாகத் தருகிறார்கள். நீலகிரி என்ற பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிடைத்தாலும் விலையைப் பார்த்தால், வாழ்நாள் முழுக்க ஃபாக்டரியில் நின்ற உங்களுக்கு நெஞ்சு வலிக்கும். அதனால் எழுதவில்லை.

சரி, மத்லேனுக்கு வருகிறேன். உள்ளங்கையில் அடங்கும் சின்ன கேக் இது. ஒரு பக்கம் சிப்பி மாதிரி வரிவரியாக இருக்கும். மறுபக்கம் நடுவில் ஒரு திமில். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலைப் பலகாரமாகத் தருவது இதைத்தான். சூப்பர் மார்க்கெட்டில் பை பையாகக் கிடைக்கும், ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு மத்லேன் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சுட்ட அன்றைக்குத் தின்ன வேண்டிய பண்டம். அன்று ஓரம் மொறுமொறு, உள்ளே மெத்து. மறுநாள் ஓரமும் மெத்து, அதற்கப்புறம் டீயில் முக்கினால்தான் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் எழுத்தாளர் அப்படி முக்கித் தின்றதைப் பற்றி எழுதினாராம். இங்கே எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். முழுதும் படித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இதன் பிறந்த வீடு எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொமெர்சி என்று ஒரு சின்ன ஊர், ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. எங்கள் மேல் மாடியில் தனியாக இருக்கும் மூதாட்டி அந்தப் பக்கத்துக்காரர். நான் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொன்ன கதை இது: போலந்து நாட்டில் பட்டம் இழந்த ஸ்தானிஸ்லாஸ் என்ற அரசருக்கு லொரேனை ஆளக் கொடுத்திருந்தார்கள். பிரான்ஸ் ராஜா பதினைந்தாம் லூயிக்கு மாமனார் அவர். 1755-ல் கொமெர்சி அரண்மனையில் விருந்து. சமையற்கட்டில் ஏதோ சண்டை, பலகாரக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மத்லேன் என்ற வேலைக்காரப் பெண் தன் பாட்டி செய்யும் கேக்கைச் சுட்டுக் கொடுக்க, ராஜா அவள் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். நான்சியில் அவர் பெயரில் இருக்கும் பெரிய சதுக்கம் கட்டி முடித்ததும் அதே 1755-தான். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதே, தங்க முலாம் பூசிய இரும்புக் கதவுகளோடு, போட்டோ அனுப்பினேனே, அந்தச் சதுக்கம்.

ராஜா பெயர் வைத்த கதைகள் எல்லாமே இப்படித்தான் வழவழவென்று இருக்கும். எனக்கென்னவோ மத்லேனை ஊர் உலகத்துக்குக் கொண்டு போனது ரயில் என்றுதான் படுகிறது. பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர் போகும் பாதை 1852-ல் முழுதாகத் திறந்தது, கொமெர்சி அதன் வழியில் ஒரு நிலையம். பெண்கள் கூடையில் அடுக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் கூவி விற்பார்களாம். வண்டி நிற்கும் நேரத்துக்குள் வியாபாரம் முடிய வேண்டும். நமக்கு மணப்பாறை முறுக்கு எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. ஊருக்குள் ஒரு நாள்கூடக் கால் வைக்காதவனுக்கும் பலகாரத்தை வைத்து ஊர் தெரியும்.

இதில் டீ எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நான்சியில் பெர்காமோட் மிட்டாய் என்று ஒன்று புகழ் பெற்றது. தேன் நிறத்தில், கண்ணாடி போல, சதுரமாக இருக்கும். பெர்காமோட் ஓர் எலுமிச்சை வகை. இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியா கடற்கரையில்தான் பெரும்பாலும் விளைகிறது. பழத்தைத் தின்ன முடியாது, அத்தனை புளிப்பும் கசப்பும். தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்குத்தான் மதிப்பு. அந்த எண்ணெயைக் கறுப்புத் தேயிலையில் கலந்தால் அதுதான் ஏர்ல் கிரே. நீங்கள் "சோப்பு வாடை" என்று ஒதுக்கி வைத்தீர்களே, அதே டீ. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வாசனை சின்ன வயதிலிருந்தே மிட்டாயாகப் பழக்கம். அதனால் மத்லேனில் டீ போடுவதென்றால் முதலில் ஏர்ல் கிரேயைத்தான் எடுக்கிறார்கள். ஒன்று சொல்லவா? நம் நீலகிரித் தேயிலைக்குப் பூ மணம் தருவதில் லினலூல் என்ற ஒரு பொருளுக்குப் பங்கு உண்டு. பெர்காமோட் எண்ணெயிலும் அதே பொருள் இருக்கிறது. ஆக நீங்கள் ஒதுக்கிய சோப்பு, உங்கள் ஃபாக்டரிக்கு ஒரு வகையில் பங்காளி.

எந்த இலையை எடுத்தாலும் வேலையின் சூட்சுமம் ஒன்றுதான். டீயைத் தண்ணீரில் போட்டு, அந்தச் சாற்றை மாவில் ஊற்றக் கூடாது. அப்படிச் செய்தால் மாவு நீர்த்துப்போகும், துவர்ப்பு வரும், மணம் வராது. வெண்ணெயில் போட வேண்டும். துவர்ப்பைக் கொடுக்கும் டானின் தண்ணீரில் கரையும், கொழுப்பில் அவ்வளவாகக் கரையாது. வாசனை எண்ணெய்கள் நேர்மாறு. அதனால் வெண்ணெய் இலையிடமிருந்து மணத்தை வாங்கிக்கொண்டு துவர்ப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. நீங்கள் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு "லிக்கர் பரவாயில்லை, மூக்கு இல்லை" என்பீர்களே, இங்கே மூக்கு, அதாவது மணம், மட்டும்தான் வேண்டும்; லிக்கர், அதாவது வடித்த சாறு, வேண்டாம்.

இனி செய்முறை. அம்மா கண்ணாடி எடுக்கச் சோம்பல்படுவாள், நீங்களே படித்துச் சொல்லுங்கள். உப்பில்லாத வெண்ணெய் 150 கிராமைச் சின்னத் தீயில் உருக்கி, 10 கிராம் தேயிலையைப் போட்டு, அடுப்பை அணைத்து மூடி அரை மணி நேரம் விட வேண்டும். வெண்ணெய் கொதிக்கக் கூடாது, விரல் பொறுக்காத சூடு போதும். திறந்தால் முதலில் நெய் வாசனைதான் வரும். கொஞ்சம் பொறுத்தால் அதற்கு அடியிலிருந்து வாட்டம் போட்ட இலையின் வாசனை மெல்ல ஏறி வரும். விடியற்காலையில் ஃபாக்டரிப் பக்கம் நடந்தால் வருமே, அது. வடிகட்டிக் கரண்டியால் லேசாக அழுத்தினால் 125 கிராம் அளவுக்கு வெண்ணெய் தேறும், மீதியை இலை குடித்துவிடும்.

இரண்டு முட்டை, 110 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி தேன், இவற்றை வெளுக்கும் வரை அடிக்க வேண்டும். 125 கிராம் மைதாவோடு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, மிக்ஸியில் மையாகப் பொடித்த தேயிலை ஒரு தேக்கரண்டி சேர்த்துச் சலித்து அதில் கலக்க வேண்டும். கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல். கடைசியாக, ஆறிய வெண்ணெய். ஏறக்குறைய பதினெட்டு வரும்.

கலந்த மாவை உடனே சுடக் கூடாது. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கட்டும். மதாம் இதில் ரொம்பக் கண்டிப்பு. "அவசரக்காரர்கள் பிஸ்கட் வாங்கிக்கொள்ளட்டும்" என்பார். திமில் எழுவதற்குத்தான் இந்தப் பாடு. ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு, சில்லென்ற மாவை உள்ளே தள்ளினால் சிப்பி அச்சின் ஓரம் சட்டென்று வெந்து இறுகிவிடும். நடுவில் மாவு இன்னும் குளிர்ந்து இளகித்தான் இருக்கும். அதற்குச் சூடு ஏறும்போது ஆவியும் காற்றும் பக்கவாட்டில் போக வழியில்லாமல் மேலே தள்ளும். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் நாலாவது நிமிஷம் வரை ஒன்றும் நடக்காது. அப்புறம் நடுவில் பளபளவென்று ஒரு வட்டம் மட்டும் ஈரமாக நிற்கும். அது துடித்துத் துடித்து எழும்பி, உச்சியில் வெடித்து, காய்ந்துவிடும். அப்போது 180-க்குக் குறைத்து இன்னும் ஐந்தாறு நிமிஷம். எடுத்தவுடன் தட்டி வெளியே எடுத்து, பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும். அச்சிலேயே விட்டால் வியர்த்துப் போகும்.

இங்குள்ள பழைய சமையல் புத்தகங்களில் டிகிரி எழுதுவதில்லை, "தெர்மோஸ்தா 7" என்றுதான் இருக்கிறது. முப்பதால் பெருக்கினால் டிகிரி வந்துவிடும். அண்ணியின் ஓவனில் டிகிரியே இருப்பதால் அந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டாம்.

பணியாரக் கல்லில் ஊற்றலாமா என்று அம்மா கட்டாயம் கேட்பாள். ஊற்றலாம், சுவைக்குக் குறைவிருக்காது. ஆனால் அடியிலிருந்து மட்டும் சூடு வருவதால் திருப்பிப் போட வேண்டும், திருப்பினால் திமில் போச்சு. சிப்பி அச்சு வேண்டுமென்றால் வரும்போது கொண்டுவருகிறேன். சிலிக்கான் அச்சு லேசாக இருக்கும், பெட்டியில் எடை ஏறாது, ஆனால் ஓரம் மொறுமொறுப்பாக வராது. தகரத்தில்தான் கொண்டுவருவேன், அண்ணன் எடையைப் பற்றிப் பேசக் கூடாது.

மதாமுக்கு ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் மோந்து பார்த்தார், அப்புறம் திமிலைத் தடவிப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் வாயில் வைத்தார். கொமெர்சிக்காரர்கள் இதில் தேயிலை போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே மூன்று தின்றார். அதையும் காபியில் முக்கித்தான் தின்றார் என்பதை உங்களிடம் மறைக்க மனசு வரவில்லை. உங்கள் ஊரில் டீயில் எதை முக்குவீர்கள் என்று கேட்டார். வர்க்கியைப் பற்றிச் சொன்னேன். விறகு அடுப்பில் சுடுவது என்றதும் அவருக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது, எத்தனை மடிப்பு, என்ன கொழுப்பு என்றெல்லாம் கேட்டுத் துளைத்துவிட்டார். அதற்குப் பதில் அண்ணன்தான் பேக்கரியில் கேட்டு எழுத வேண்டும்.

இப்போது உங்கள் வேலை. அங்கே இப்போது பனி விழ ஆரம்பித்திருக்கும். ஜனவரியில் கொழுந்து மெதுவாக வந்து மணம் ஏறும் அல்லவா, அந்த இலையை உருட்டிச் செய்த ஆர்த்தடாக்ஸ் தேயிலையில், பி.ஓ.பி. என்ற நொறுங்கிய இலைத் தரம் அரைக் கிலோ வாங்கி அனுப்புங்கள். நசுக்கிக் குருணையாக்கிய சி.டி.சி. வேண்டாம், டஸ்ட் என்ற தூள் வேண்டவே வேண்டாம். பாலில் கொதிக்க அதைவிட நல்லதில்லை, ஆனால் வெண்ணெயில் போட்டால் வடிகட்டியைத் தாண்டி மணல் மாதிரி இறங்குகிறது. பழைய சிநேகிதர்கள் யாராவது ஃபாக்டரியில் இருப்பார்கள், கடைக்குப் போகாமல் அவர்களிடமே கேளுங்கள். கொடுப்பதை அப்படியே வாங்கிவிடாமல் நீங்களே ஒரு தடவை ஊற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். காற்றுப் புகாத இரட்டைப் பையில் போட்டு ஒட்டுங்கள். அம்மா இடம் இருக்கிறதே என்று ஊறுகாயையும் அதே பெட்டியில் வைக்கப் பார்ப்பாள். தயவுசெய்து விடாதீர்கள், தேயிலை எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். ஊறுகாய்க்குத் தனிப் பார்சல்.

முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? காலையில் குல்லா இல்லாமல் வாக்கிங் போவதாக அண்ணி எழுதியிருந்தாள். குட்டிப் பயலுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்