கோளாறு லைனில் இல்லை

காட்பாடி,
வைகாசி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "புதுசு வாங்கிக்கோப்பா, பணம் போடறேன்" என்று வெட்டிவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுசாகப் படி.

சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தோம். கோடை இடிக்குப் பயந்து கம்ப்யூட்டர், மோடம் எல்லா பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டினேன். வந்து போட்டால் நெட் இல்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று ஏதோ எச்சரிக்கை. உன்னைக் கூப்பிட்டும் பயனில்லை. நீ எனிடெஸ்க் வழியாகத்தானே, அங்கிருந்தே என் கம்ப்யூட்டருக்குள் வருவாய்? நெட் இல்லாத வீட்டுக்குள் எப்படி வருவது?

கடைப் பையன் ஒருவன் வந்தான். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "மோடம் போயிடுச்சு சார், இல்லன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போடணும்" என்றான். எல்லாவற்றையும் என்றால் உன் அம்மாவின் போட்டோக்களும் சேர்த்துத்தான். முந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டேன். மோடம் போயிருந்தால் அதே வைஃபையில் உன் அம்மாவின் செல்போன் எப்படி ஓடுகிறது? அதை அவனும் கேட்கவில்லை, நானும் அப்போது கேட்கவில்லை.

ராத்திரி படுத்தபின் உறைத்தது. நான் யார்? முப்பத்தொரு வருஷம் கம்பம் ஏறின லைன்மேன். ஒரு வீட்டு போன் செத்தால் நேராக வீட்டுக்கு ஓட மாட்டோம். எக்ஸ்சேஞ்ச், தெருவோரப் பில்லர் பெட்டி, கம்பத்து டி.பி. பெட்டி, வீடு என்று லைன் வருகிறது. நடுவில் பில்லரில் போனை மாட்டிக் கேட்போம். டயல் டோன் இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் சுத்தம், மீதிப் பாதியில் தேடினால் போதும். அதே கணக்குதான் இங்கேயும்.

செல்போன் ஓடுகிறது, மோடத்தில், வெளி லைன் அறுந்தால் எரியும் எல்.ஓ.எஸ். சிவப்பு விளக்கு எரியவில்லை. அப்போது வெளி லைன் சரி. கம்ப்யூட்டர் பின்னால் கேபிள் சொருகின இடத்தில் விளக்கு மினுக்குகிறது. அதுவும் சரி. பொங்கலுக்கு வந்தபோது டைரியின் கடைசிப் பக்கத்தில் நீ எழுதிக்கொடுத்த ஐபிகான்ஃபிக் (கம்ப்யூட்டரின் நெட் நம்பரைக் காட்டும்), பிங் (அந்தப் பக்கம் பதில் வருகிறதா என்று பார்க்கும்) இரண்டையும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அந்த நம்பர் 169.254 என்று ஆரம்பித்தால் மோடம் நம்பர் தரவில்லை, கம்ப்யூட்டரே தனக்கு ஒன்று வைத்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். எனக்கு 192.168.1.5 வந்தது. மோடத்துக்கு, 192.168.1.1க்கு, பிங் போட்டேன். நாலு பதிலும் வந்தன. கூகுளின் 8.8.8.8க்குப் போட்டேன், வந்தன. கூகுள் டாட் காம் என்று பெயரிலேயே போட்டாலும் வந்தன. அப்போது டி.என்.எஸ்.ஸும் சரி. (அது நம்ம பழைய டெலிபோன் விசாரணை 197தான், தெரியுமா? பெயரைச் சொன்னால் நம்பர் தருவார்களே, அதேதான்.)

எல்லாம் சரி, ஆனால் பக்கம் மட்டும் திறக்கவில்லை. அப்புறம்தான் அந்த எச்சரிக்கையின் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். தேதியைப் பற்றி ஏதோ இருந்தது. திரையின் மூலையைப் பார்த்தால் 2012, ஜனவரி 1!

உனக்குப் புரிந்திருக்கும். ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது, அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று இருக்கிறது. நம் கம்ப்யூட்டருக்கு இன்னும் 2012. பின் தேதி போட்ட செக்கை பேங்கில் இன்றைக்கே நீட்டினால் வாங்குவார்களா? அதேபோல் இதுவும் திருப்பி அனுப்பிவிட்டது.

தேதியைக் கையால் மாற்றினேன், உடனே எல்லாம் திறந்தது. ஆனால் பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் மறுபடியும் 2012. உள்ளே மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி, சி.ஆர். 2032, மூன்று வோல்ட். பிளக் மாட்டியிருக்கும்வரை கரண்டிலேயே கடிகாரம் ஓடும், பிடுங்கினால் இந்தப் பேட்டரிதான். அது ஏற்கெனவே தேய்ந்துபோயிருக்கிறது. நாலு நாள் பிடுங்கி வைத்ததில் மீதியும் தீர்ந்துவிட்டது. என் பழைய மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டு வோல்ட்கூட முழுசாக இல்லை. லாங்கு பஜாரில் ஒரு வாட்ச் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். பழையதை எடுக்கும்போது கை நடுங்கியது உண்மை. உன் அம்மாதான் டார்ச் பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எனிடெஸ்க்கில் உள்ளே வா. திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அம்பு தானாக நகர ஆரம்பித்தால் உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பாள். அதுவே அவளுக்கு நீ வந்த மாதிரி. மூன்று மணிக்கு மேல் வா, அதற்குமுன் இங்கே கரண்ட் நிச்சயமில்லை.

அன்புடன்,
அப்பா